ஜெயசீலன் செய்யாத தவறு

ஜெயசீலன் இறந்த செய்தி எனக்கு நம் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் கிடைத்தது. அதற்கு மேலே ஒருவர் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ போட்டிருந்தார். கீழே இன்னொருவர் உறையூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று விசாரித்திருந்தார். நடுவில், "நமது ஜெயசீலன் சார் இன்று காலை மாரடைப்பால் காலமானார்" என்று ஒரு வரி. ஐந்து நிமிடத்துக்குள் வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் பிறகு அதை அழித்தார். நான் பார்த்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை. அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது இதே குழுவில் ஒரு கேள்வி கேட்டால் உங்களில் ஒருவரும் பதில் போட்டதில்லை. நானும் போட்டதில்லை. நானும் அன்றைக்கு இரண்டு கைகளைக் கும்பிட வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.

பத்தாம் நாள் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். தில்லைநகரில் பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கும் அதே கூடம்தான். வாசலில் ஒரு ப்ளெக்ஸ் போர்டு. அதில் ஜெயசீலனின் முகத்தைவிட கம்பெனியின் சின்னம் பெரிதாக இருந்தது. முன்வரிசையில் அவருடைய மனைவி ஸ்டெல்லாவும், கல்லூரியில் படிக்கும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நாம் எல்லோரும் எம்.டி. என்று அழைக்கும் நம் முதலாளி மைக்கைப் பிடித்தார். மைக் கிடைத்தால் அவர் விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பெனி வளர்ந்த கதையைச் சொன்னார், தான் பட்ட கஷ்டத்தைச் சொன்னார், பிறகுதான் இறந்தவர் ஞாபகத்துக்கு வந்தார்.

"ஜெயசீலன் ஒரே ஒரு தடவை பெரிய தப்பு பண்ணாருங்க. ஒரு கஸ்டமரோட சொந்த விஷயம் வெளியில போயிடுச்சு. வேற கம்பெனியா இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நான் அனுப்பல. ஏன்னா இது குடும்பம்."

கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டும் கூட்டத்தை நான் அன்றுதான் பார்த்தேன். ஸ்டெல்லா தலை குனிந்திருந்தார். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எம்.டி. சொன்ன அந்த வாக்கியம் பொய். அவருக்கே அது பொய் என்று தெரியாது, அவ்வளவு தூரம் எதையும் தெரிந்துகொள்கிறவர் அல்ல அவர். தெரிந்தவன் இரண்டாவது வரிசையில் மிக்ஸரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெயசீலன் இனிமையான மனிதர் இல்லை. கூட்டத்தில் பேசிய ஆறு பேரும் "சிரித்த முகம்" என்றீர்கள். யாருடைய முகத்தைச் சொன்னீர்கள்? பதினோரு வருடம் அவருக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்தவன் நான். அவர் சிரித்தால் யாரோ முட்டாள்தனமாக ஏதோ செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய அப்பா பணிமனையில் வேலை பார்த்தவர். ஒரு திருகைச் சரியாக முடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு வளர்ந்த ஆள். நாமோ, ஓடுகிறவரை ஓடட்டும் என்று வெப்சைட் செய்து கொடுத்தவர்கள். நம்மை அவர் மதிக்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என்னுடைய நிரலைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தெரியாம எழுதறது தப்பில்ல முரளி. தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கீங்க பாருங்க, அதைத்தான் திருத்த முடியாது." நான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கம்பெனியில் அப்போது நான்கு பெரிய வெப்சைட்டுகள். மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலை, உறையூரில் ஒரு கைத்தறிச் சேலைக் கடை, ஸ்ரீரங்கத்தில் யாத்ரீகர்கள் தங்கும் ஒரு விடுதி, கடைசியாக ஒரு திருமணத் தகவல் மையம். நான்கையும் ஒரே பிரேம்வொர்க்கில்தான் கட்டினோம். அதாவது பாதி வேலையைத் தானே செய்துகொடுக்கும் ஒரு தயார்ச் சட்டகம். ஒருநாள் எம்.டி. எங்கோ ஒரு கருத்தரங்கில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து, வெள்ளைப் பலகையில் பெரிய வட்டம் ஒன்றைப் போட்டார். நான்கு வெப்சைட்டுக்கும் இனி ஒரே டேட்டாபேஸ், வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள், சேலை வாங்குகிறவருக்கு அரிசியும் விற்கலாம் என்றார். நாங்கள் தலையாட்டினோம். அந்தக் கம்பெனியில் தலையாட்டுவதற்குத்தான் முதலில் பயிற்சி கொடுப்பார்கள்.

ஜெயசீலன் மட்டும் கேட்டார்: "வரன் தேடறவங்க விவரமும் அரிசி வாங்கறவங்க விவரமும் ஒரே அலமாரியில எதுக்கு சார்?"

"ரெண்டு பேரும் மனுஷங்கதானய்யா?"

"அதனாலதான் சார் கேக்கறேன்."

எம்.டி. சிரித்தார், நாங்களும் சிரித்தோம். வட்டம் பலகையில் அப்படியே இருந்தது. அடுத்த மாதம் நான்கு வெப்சைட்டும் ஒரே டேட்டாபேஸுக்குக் குடிபோயின.

குடிபோன மூன்றாம் வாரம் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். விற்பனைக்கு இருக்கும் அரிசி வகைகளும் திருமணத்துக்குப் பதிவு செய்த மணமகன்களும் ஒரே அட்டவணையில் கிடந்தார்கள். எந்த வரி எந்த வெப்சைட்டுக்கு என்று பக்கத்தில் ஓர் எண் இருக்கும். எடுக்கும்போது "என் எண்ணுக்கு உரியதை மட்டும் கொடு" என்று கேட்க வேண்டும். ஏதோ ஒரு பக்கத்தில் அதைக் கேட்க மறந்துவிட்டோம். முசிறியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "தம்பி, மாப்பிள்ளை லிஸ்ட்ல மூணாவதா இருக்காரே, இட்லி அரிசின்னு போட்டிருக்கு. ஒரு வருஷம் பழசு, இருபத்தஞ்சு கிலோன்னு வேற இருக்கு. ஜாதகம் இருக்குங்களா?" அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஜெயசீலன் சிரிக்கவில்லை. "இன்னிக்கு அரிசி மாப்பிள்ளைப் பக்கம் போச்சு. நாளைக்குப் பொண்ணு அரிசிப் பக்கம் போகும். அப்பவும் சிரிங்க" என்றார். சிரிப்பைக் கெடுத்துவிட்டார் என்று எல்லோருக்கும் கோபம்.

அன்று மாலையே அவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் டேட்டாபேஸைத் திறக்கத் தனித்தனிப் பாஸ்வேர்டு. அரிசி ஆலையின் பாஸ்வேர்டு போட்டால் வாடிக்கையாளரின் பெயர், போன், முகவரி மூன்றும்தான் கண்ணுக்குத் தெரியும். திருமணப் பதிவில் அவர் என்ன எழுதியிருந்தார் என்பது தெரியாது. எல்லாவற்றையும் திறக்கும் பாஸ்வேர்டு அவரிடம் ஒன்று, அவர் விடுமுறையில் இருந்தால் உதவும் என்று என்னிடம் ஒன்று. கொடுக்கும்போது, "இது உங்க அவசரத்துக்கு இல்ல, சர்வரோட அவசரத்துக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தார். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. எதைத் தொட்டாலும் "அனுமதி இல்லை" என்று திரையில் வந்து நின்றது. கம்ப்யூட்டருக்குக்கூட ஜெயசீலனின் குணம் வந்துவிட்டது என்று கேன்டீனில் நான்தான் முதலில் சொன்னேன். அதற்கும் நீங்கள் எல்லோரும் நன்றாகச் சிரித்தீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அரிசி ஆலைக்காரர் ஒரு வசதி கேட்டார். பழைய வாடிக்கையாளர் போன் நம்பரைப் போட்டதும் அவருடைய விவரங்கள் தானாகவே படிவத்தில் வந்து நிரம்ப வேண்டும். ஓடிபி எல்லாம் வேண்டாம், ஜனங்கள் எரிச்சல்படுவார்கள் என்று எம்.டி.யும் சொல்லிவிட்டார். எங்கள் பிரேம்வொர்க்கில் ஒரு சுகம் உண்டு. ஓர் அட்டவணையைக் காட்டினால் போதும், அதில் எத்தனை கட்டங்கள் உண்டோ அத்தனையையும் வைத்துப் படிவத்தைத் தானே வரைந்து கொடுத்துவிடும். வேண்டிய கட்டங்களை மட்டும் பெயர் சொல்லியும் கேட்கலாம், அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். நான் எல்லாவற்றையும் கேட்டேன். "அனுமதி இல்லை" என்று வந்தது. ஜெயசீலன் மகளின் பள்ளிக்குப் போயிருந்தார். போன் செய்தால் எடுத்திருப்பார். எடுத்தால் என்ன சொல்வார் என்று தெரியும், அதனாலேயே செய்யவில்லை. அவர் என்னை நம்பிக் கொடுத்திருந்த பாஸ்வேர்டை எடுத்து அரிசி ஆலைக்குப் போட்டேன். படிவம் அழகாக நிரம்பியது. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

பத்து நாள் கழித்து ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து. பெயரைச் சொல்ல மாட்டேன், ஒரு தடவை நம்மால் வெளியே போனது போதும். நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்து ஆறு வருடம். திருமணத் தகவல் மையத்தில், மறுமணப் பிரிவில், வீட்டுக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தார். குறிப்பு என்ற கட்டத்தில் "மறுமணம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தார். எழுதச் சொன்னது நாம்தான். அந்த வீட்டுக்கு அரிசி மண்ணச்சநல்லூரிலிருந்துதான் வரும். கணவரின் அண்ணன் ஆர்டர் போட உட்கார்ந்து, முன்பு எப்போதோ ஆலைக்குக் கொடுத்திருந்த அந்தம்மாளின் நம்பரைத் தட்டியிருக்கிறார். பெயர் வந்தது, முகவரி வந்தது, கீழே குறிப்பும் வந்தது.

அந்தம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பேச்சு வார்த்தை முடிஞ்சு, மாப்பிள்ளையாத்துல நிச்சயம் பண்ணலாம்னு இருந்தா. மச்சினர் அவாளுக்குப் போன் பண்ணி என்னென்னமோ சொல்லியிருக்கார். நேத்திக்கு வேண்டாம்னுட்டா" என்றார். பிறகு சுற்றிலும் இருந்த கம்ப்யூட்டர்களை ஒரு முறை பார்த்தார். "நான் எங்கம்மாகிட்ட கூடச் சொல்லல. உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

எம்.டி. "டெக்னிக்கல் இஷ்யூம்மா, பார்க்கறோம்" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குடும்பத் தலைவர்! நான் திரைக்குப் பின்னால் தலையை இறக்கி வைத்துக்கொண்டு எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என்ன தட்டினேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியும்: ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். ஜெயசீலன் எழுந்து போய் அந்தம்மாளுக்கு எதிரே நின்றார்.

"தப்பு எங்களுதுங்க. அந்த விவரத்தைப் பாத்துக்க வேண்டிய பொறுப்பு என்னுது. சரி பண்றேன்னு சொல்ல மாட்டேன். இதைச் சரி பண்ண முடியாது."

"உங்க பேரென்ன?"

"ஜெயசீலன்."

அந்தம்மாள் அந்தப் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மனப்பாடம் செய்வது போல இருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். எங்கேயோ ஸ்ரீரங்கத்தில் ஒருவர் இன்றைக்கும் தன் வாழ்க்கையைக் கெடுத்தவன் ஜெயசீலன் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

சர்வரின் பதிவைப் பார்த்து, யார் எந்த நிமிடம் பாஸ்வேர்டை மாற்றினார்கள் என்று அவர் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்திருந்தார். என்னைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டுப் போனார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டீயைக் குடித்து முடித்தார். நான்தான் கேட்டேன், எம்.டி.யிடம் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று. பெருந்தன்மையாக ஏதாவது சொல்லித் தொலைப்பாரோ என்று பயமாக இருந்தது. அவர் சொன்னது இதுதான்:

"உங்க பேரைச் சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க. அப்புறம் நீங்க எழுதி வெச்சிருக்கறதையெல்லாம் நான் உக்காந்து படிக்கணும். அதைவிடத் திட்டு வாங்கறது சுலபம். ஆனா, அந்தம்மா வந்தப்போ நீங்க எந்திரிச்சு வருவீங்கன்னு நினைச்சேன் முரளி. அது என் தப்புக் கணக்கு."

இதைவிட மோசமாக என்னை யாரும் திட்டியது இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, கூடவே நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் கொஞ்சம் அதிகமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஒரு மாதம் அவர் யாரையும் கேட்காமல் அந்த ஒரே டேட்டாபேஸை நான்காகப் பிரித்தார். ஒவ்வொரு வாடிக்கையாளரின் வரியையும் எடுத்து, எது எந்த வெப்சைட்டுக்கு உரியது என்று பார்த்துத் தனித்தனியாக வைத்தார். திருமணப் பதிவுகளில் இருந்த குறிப்புகளைப் படிக்காமலே நகர்த்துவதற்கு என்றே தனியாக ஒரு நிரல் எழுதினார். "அவங்க நமக்கு எழுதல, நம்ம எதுக்குப் படிக்கணும்" என்றார். வேலை முடிந்ததும் எம்.டி. கம்பெனியின் முகப்பில் "அதிநவீனப் பாதுகாப்பு" என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டார். அந்த வருடமே என்னை டீம் லீடர் ஆக்கினார்கள். ஜெயசீலன் இருந்த இடத்திலேயே இருந்தார். ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும், "கவனமா இருங்கப்பா, ஜெயசீலன் மாதிரி ஆயிடக் கூடாது" என்று எம்.டி. ஒரு வார்த்தை சொல்வார். நான் டீம் லீடர் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டுவேன். ஜெயசீலன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்திருந்தால் நான் எழுந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்திருக்க மாட்டேன் என்று இப்போது தெரிகிறது. இரங்கல் கூட்டத்தில் அவர் படமாகத்தான் இருந்தார், நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பொன்மலைக்குப் போனேன். ஸ்டெல்லா கதவைத் திறந்தார். பழம் வாங்கிப் போயிருந்தேன். பழத்தைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உங்களுக்குச் சொன்ன வரிசையிலேயே. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லுவார், நான் கொஞ்சம் அழுவேன், வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்குவேன் என்று ஒரு நினைப்பு. உள்ளே மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க, முரளி சார்" என்றார் ஸ்டெல்லா. "வேலையில ஏதோ தப்பு பண்ணிட்டாருன்னுதான் நானும் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒருநாள் சண்டையில அதைச் சொல்லிக்கூடக் காட்டியிருக்கேன். அப்பவும் வாயத் திறக்கல."

"மன்னிச்சிருங்க சிஸ்டர்."

"எங்கிட்ட வந்து மெதுவா சொன்னா என்னங்க பிரயோஜனம்? எம் பொண்ணை உக்கார வெச்சு, அத்தனை பேருக்கு முன்னாடி மைக்ல சொன்னாங்கல்ல? நீங்களும் அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

காபி கொடுக்கவில்லை. பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நண்பர்களே, ஒருவர் போன பிறகு அவரிடமிருந்து நான் எதை எடுத்துக்கொண்டேன் என்று இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில் எழுதுவது வழக்கம். அன்பு, பண்பு, உழைப்பு என்று எழுத வேண்டும். எனக்கு அவர் அதெல்லாம் தரவில்லை. எனக்குத் தந்தது ஏளனம் ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இவ்வளவு நேரமும் அதை எம்.டி. மேலும் உங்கள் மேலும் வீசிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அப்படிச் செய்வது சுலபம். அது எனக்காகக் கொடுக்கப்பட்டது, எனக்கு மட்டுமே உரியது. கட்டைவிரல்காரரை விட நான் மோசம், எம்.டி.யை விடவும் மோசம். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதைக் குழுவில் போடுகிறேன். எம்.டி.க்கும் தனியாக அனுப்புகிறேன். திருமணத் தகவல் மையத்தின் பழைய பதிவிலிருந்து அந்தப் பெண்மணியின் முகவரியைத் தேடி எடுத்து ஸ்ரீரங்கத்துக்குக் கடிதம் எழுதலாமா என்று யோசித்தேன். அந்தம்மாளின் விவரத்தை மறுபடியும் அனுமதி இல்லாமல் திறந்துதான் அதைச் செய்ய முடியும் என்பதால் விட்டுவிட்டேன். தற்செயலாக இதை அவர் படிக்க நேர்ந்தால், அன்றைக்கு மனப்பாடம் செய்த பெயரை மறந்துவிடட்டும். அரிசி ஆலைக்கு அந்தப் பாஸ்வேர்டைப் போட்டவன் நான். என் பெயர் முரளிதரன்.